வரம் கேட்கும் ஜெபத்தில் மேடை தெரிகிறது

கேள்வி: நான் ஒரு சிற்றூர்ச் சபையில் வாலிபர் கூடுகையை நடத்திவருகிறேன். வயது முப்பதை நெருங்குகிறது. தனியார் நிறுவனமொன்றில் கணக்கெழுதும் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து, குணமாக்கும் வரத்தையும் தீர்க்கதரிசன வரத்தையும் தரும்படி நெடுநாளாக ஜெபித்துவருகிறேன். என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்த நண்பன் இப்போது சுவரொட்டிகளில் 'வல்லமையான ஊழியர்' என்ற பட்டத்தோடு சிரிக்கிறான். அவன் கூட்டங்கள் யூடியூபில் நேரலையாக வருகின்றன. அண்மையில் ஜெபத்தில் முழங்காற்படியிட்டிருந்தபோது, நான் கேட்பது வரத்தையா, அந்த மேடையையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மனக்கண்ணில் மைக்கும் கூட்டமும் தெரிந்தன. நோயாளி ஒருவருடைய முகம்கூடத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையின் காய்ச்சலுக்காக நான் ஜெபித்து, அது நீங்கியதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது, அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை அந்தத் தாய் கொடுத்துவந்ததைச் சொல்லாமல் விட்டேன். வல்லமையை நாடுவதே பாவமா? என் உள்நோக்கம் சுத்தமாகும்வரை ஊழியத்தை நிறுத்திவிடவா? வெளியூர் ஊழியர் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் 'அபிஷேகம் பகிரும்' முகாமில் சேரும்படி எங்கள் சபை மூப்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் கேள்விகளில் கடைசியாக இருப்பதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: அந்த முகாமுக்குப் போகாதீர்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் சற்று நிதானமாகவே பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

வல்லமையை நாடுவது பாவமல்ல. "ஞானவரங்களையும் விரும்புங்கள்" என்று பவுல் எழுதியது கொரிந்து சபைக்கு. அந்தச் சபையின் நிலைமை தெரிந்தால் இந்த வார்த்தை எவ்வளவு துணிச்சலானது என்று புரியும். கொரிந்து கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரால் ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்ட நகரம். விடுதலை பெற்ற அடிமைகள் பலர் அங்கே குடியேறிப் பணமும் பேரும் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரின் காற்று சபைக்குள்ளும் வீசியது. ஆவியின் வரமாகிய, கேட்பவருக்குப் புரியாத அந்நியபாஷையைப் பேசுகிறவர் பேசாதவரைக் கீழாகப் பார்த்தார். அப்படிப்பட்ட சபையிடம், வரங்களே வேண்டாம் என்று பவுல் சொல்லியிருந்தால் நாம் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம். அவரோ, நாடுங்கள், ஆனால் சபைக்குப் பக்திவிருத்தி உண்டாகும்படி நாடுங்கள் என்கிறார். சபையிலே அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட, மற்றவர்களுக்குப் புரியும்படி ஐந்து வார்த்தை பேசுவதே தமக்கு விருப்பம் என்றும் சொல்கிறார். ஆகவே உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அந்த உபவாசத்தில் நீங்கள் யாரை நினைத்துக் கேட்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தைவிட நல்ல இடம் வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம். நம் பிரசங்கங்களில் அந்த அதிகாரம் சீமோனுடைய பணத்தோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கே வல்லமையைக் குறித்து மூன்று பேருடைய கதை இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

முதலாவது சீமோன். அவன் சமாரியாவின் மாயவித்தைக்காரன். "தேவனுடைய பெரிதான சக்தி இவன்தான்" என்று சிறியோரும் பெரியோரும் அவனுக்குச் செவிகொடுத்துவந்தார்கள். சுவிசேஷகனாகிய பிலிப்பு வந்தவுடன் அதே ஜனங்கள் பிலிப்பின் பக்கம் திரும்பிவிட்டார்கள். சீமோனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான் என்று லூக்கா எழுதுகிறார். அதைப் பொய் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பிறகு பிலிப்பைவிட்டு அகலாமல், நடந்த அற்புதங்களைக் கண்டு பிரமித்துக்கொண்டிருந்தான். நேற்றுவரை ஊரைப் பிரமிக்கவைத்தவன் இன்று கூட்டத்தில் ஒருவனாக நின்று வாய்பிளந்து பார்க்கவேண்டியதாயிற்று. அந்த வலி எப்படிப்பட்டது என்பது, நண்பனுடைய சுவரொட்டியைத் தெருமுனையில் பார்த்த உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பேதுருவும் யோவானும் எருசலேமிலிருந்து வந்து கைகளை வைத்தபோது ஜனங்கள் பரிசுத்த ஆவியைப் பெற்றார்கள். அப்போது சீமோன் பணத்தைக் கொண்டுவந்து என்ன கேட்டான் என்பதைக் கவனியுங்கள். எனக்கும் பரிசுத்த ஆவியைத் தாருங்கள் என்று அவன் கேட்கவில்லை. "நான் எவன்மேல் என் கைகளை வைக்கிறேனோ, அவன் பரிசுத்த ஆவியைப் பெறத்தக்கதாக எனக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுக்கவேண்டும்" என்றான். பெற்றுக்கொள்ளும் வரிசையில் நிற்க அவனுக்கு விருப்பமில்லை. கொடுக்கிற இடத்தில் நிற்க விரும்பினான். கை அவனுடையதாக இருக்கவேண்டும், தலை வேறொருவருடையதாக இருக்கவேண்டும். பணம் கொடுத்தது அந்த ஆசைக்கு அவன் கண்டுபிடித்த வழி மட்டுமே. பணமில்லாதவர்கள் அதே இடத்தை நீண்ட உபவாசத்தினாலும் உரத்த ஜெபத்தினாலும் வாங்கப் பார்ப்பதுண்டு. பேதுரு அவனுடைய பணத்தைச் சபித்ததோடு நிற்காமல், "உன் இருதயம் தேவனுக்குமுன்பாகச் செம்மையாயிராதபடியால்" என்று நோயிருந்த இடத்தையே தொட்டதற்குக் காரணம் அதுதான்.

ஒருவருடைய ஜெபத்தினால் நீங்கள் குணமடைய நேர்ந்தால், அதுவும் உங்கள் நண்பனுடைய ஜெபத்தினால் குணமடைய நேர்ந்தால், அதை மனமாரப் பெற்றுக்கொள்ள உங்களால் முடியுமா? இந்தக் கேள்வியை ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள்.

இரண்டாவது யோவான். எட்டாம் அதிகாரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வருவதில்லை; பேசுவதெல்லாம் பேதுருதான். ஆனால் யோவானுக்கும் சமாரியாவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. லூக்கா சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்களால் ஒரு பையனிடமிருந்த பிசாசைத் துரத்த முடியவில்லை. சற்று நேரத்தில், தங்களில் எவன் பெரியவன் என்ற வாக்குவாதம் எழுகிறது. அதையடுத்து யோவான், ஒருவன் உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்துவதைக் கண்டோம், அவன் எங்களோடு சேராதவனானதால் தடுத்தோம் என்கிறார். தங்களால் முடியாததைச் செய்தவனைத் தடுத்திருக்கிறார்கள்! தடுக்கவேண்டாம் என்று ஆண்டவர் சொன்ன பிறகும் பாடம் ஏறவில்லை. சமாரியருடைய கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுத்ததும், தீர்க்கதரிசியாகிய எலியா செய்ததுபோல வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி நாங்கள் கட்டளையிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். "நீங்கள் இன்ன ஆவியுள்ளவர்களென்பதை அறியீர்கள்" என்று ஆண்டவர் அவர்களை அதட்டினார். இதே இருவர்தான் பின்னர், உமது மகிமையிலே ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்காரவேண்டும் என்று கேட்டு மற்றப் பத்துப் பேரின் எரிச்சலைச் சம்பாதித்தவர்கள்.

அந்த யோவான்தான் நடபடிகள் எட்டில் மறுபடியும் சமாரியாவுக்கு வருகிறார். யார்மேல் அக்கினி இறங்கும்படி கேட்டாரோ, அந்த நாட்டாரின் தலைகள்மேல் கைகளை வைக்கிறார். அதற்கு முன்பு அவர்களுக்காக ஜெபிக்கிறார். திரும்பும் வழியில் சமாரியருடைய அநேக கிராமங்களில் சுவிசேஷம் அறிவிக்கிறார். சீமோனுக்கு இருந்த ஆசை யோவானுக்கும் இருந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் யோவான் ஆண்டவரிடம் அதட்டு வாங்கிக்கொண்டு அவரைவிட்டுப் போகாமல் கூடவே நடந்தார். உங்கள் உள்ளத்தில் மேடை தெரிந்ததைக் கண்டு பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது தெரிந்ததும் ஒருவகையில் அதட்டுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கள் இன்ன ஆவியுள்ளவர்கள் என்று அறியாமலே மேடைகளில் ஆண்டுக்கணக்காக நின்றுகொண்டிருக்கிறவர்களைப் பார்க்கிறபோது, உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை.

மூன்றாவது பிலிப்பு. சமாரியாவில் எழுப்புதலைத் தொடங்கியவர் அவர். ஆனால் ஆவியானவர் இறங்கியது அவருடைய கைகள் வழியாக அல்ல. பிறகு வந்த இருவருடைய கைகள் வழியாக. அதைக் குறித்து அவர் முறுமுறுத்ததாக ஒரு வரியும் இல்லை. அதற்குப் பிறகு தேவதூதன் அவரை எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தரமான பாதைக்கு அனுப்பினான். பட்டணம் முழுவதும் செவிகொடுத்துக்கொண்டிருந்த ஊழியரை, இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு எத்தியோப்பியனுக்காக அனுப்புவதா என்று நம் காலத்து ஊழிய நிர்வாகிகள் கேட்பார்கள். பிலிப்பு எழுந்து போனார். போனது மட்டுமல்ல, அந்த இரதத்தினிடம் ஓடினார் என்றும் எழுதியிருக்கிறது. சீமோனால் நடந்துபோக முடியாத பாதை அது, ஏனென்றால் அங்கே பார்க்க ஆளில்லை.

இப்போது, உள்நோக்கம் சுத்தமாகும்வரை ஊழியத்தை நிறுத்துவதா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுத்தவேண்டாம். முழுக்கச் சுத்தமான உள்நோக்கத்தோடு யாராவது ஊழியம் செய்திருந்தால் அது ஆண்டவர் ஒருவரே. சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று தெரிந்தும், எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் சிறையிலிருந்து சந்தோஷப்பட்டார். உள்ளத்தை ஓயாமல் தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும் தன்னையே மையமாக வைத்துக்கொள்ளும் இன்னொரு வழிதான். வாலிபர் கூடுகையைத் தொடர்ந்து நடத்துங்கள், பாட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள், வேதபாடம் எடுங்கள். ஆனால் பலருக்கு முன்பாக நோயாளிகள்மேல் கைவைத்து ஜெபிப்பதையும், சபையில் தீர்க்கதரிசனம் சொல்ல எழுந்து நிற்பதையும் சில காலம் விட்டுவையுங்கள். அவை தவறானவை என்பதற்காக அல்ல. உங்களுக்கு இப்போது அவைதான் வழுக்குகிற இடம்.

அதற்குப் பதிலாக, சபையாரில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் யாரையாவது தெரிந்துகொண்டு வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு சங்கீதத்தை வாசியுங்கள், ஜெபியுங்கள், தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், மருந்துக் கடைக்குப் போய்வரவேண்டுமானால் போய்வாருங்கள். குணமாகும்படி ஜெபிக்கவும் செய்யுங்கள், விசுவாசத்தோடு. புகைப்படம் எடுக்கவேண்டாம், வாட்ஸ்அப்பில் போடவேண்டாம், குணமடைந்தாலும் நீங்களாகச் சபையில் சொல்லவேண்டாம். சொல்லவேண்டுமானால் அவர் சொல்லட்டும். ஆண்டவர் குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு ஒருவருக்கும் சொல்லாதபடி எச்சரித்ததையும், செவிடனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டுபோய்த் தொட்டதையும் மாற்கு சுவிசேஷத்தில் வாசித்திருப்பீர்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துக் காட்டும்படி அவரிடம் சொன்னவன் பிசாசு என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சாட்சியில் மாத்திரையை விட்டுவிட்ட விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுவே. மேடை ஆசை மனதில் இருக்கும்வரை அது சோதனை. மாத்திரையை மறைத்தபோது அது செயலாகிவிட்டது. ஜெபத்தையும் கேட்டு, மாத்திரையையும் ஆசீர்வதித்து அந்தக் குழந்தையை எழுப்பியவர் கர்த்தர் என்று சொல்லியிருந்தால், அவருக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. உங்கள் பங்குதான் சற்றுச் சிறியதாகத் தெரிந்திருக்கும். தவிர, அந்தச் சாட்சியைக் கேட்ட இன்னொரு தாய் தன் குழந்தைக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு மட்டும் காத்திருந்தால் அதன் விளைவுக்கு யார் பொறுப்பு? முதலில் குழந்தையின் தாயிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தது தெரிந்தும் சபையில் அமைதியாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பிறகு போதகரிடம் சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமையே சாட்சி நேரத்தில் இரண்டு வாக்கியத்தில் திருத்திவிடுங்கள். நீளமாகப் பேசி, உங்கள் தாழ்மையைக் குறித்து ஜனங்கள் மெச்சும்படி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிச் சிறியதாகத் தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஜான் அலெக்சாண்டர் டோவியின் வாழ்க்கை ஓர் உதாரணம். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1876-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அவர் போதகராக இருந்தபோது கொள்ளைநோய் பரவி, அவருடைய சபையார் பலரை அடக்கம் செய்யவேண்டியிருந்தது. அந்தத் துக்கத்தில்தான் அவர் நோயாளிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். அந்தத் தொடக்கத்தில் மேடை இல்லை, சவப்பெட்டிகள்தான் இருந்தன. அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி வாசலுக்கு எதிரே ஒரு மரக்கூடாரம் போட்டார். குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அவருடைய ஆலயச் சுவர்களில் மாட்டப்பட்டன. சிகாகோவுக்கு வடக்கே சீயோன் என்ற நகரத்தையே உண்டாக்கினார். அங்கே மருத்துவருக்கும் மருந்துக் கடைக்கும் இடமில்லை. 1901-இல் தாமே மீண்டும் வந்த எலியா என்று அறிவித்தார். 1904-இல் தம்மை முதல் அப்போஸ்தலன் என்று அழைத்துக்கொண்டு, பிரதான ஆசாரியனுடையதைப் போன்ற அங்கியை அணிந்தார். 1905-இல் பக்கவாதம் தாக்கியது, 1906-இல் அவருடைய உதவியாளரே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார், நகரம் கடனில் மூழ்கியிருந்தது, 1907-இல் இறந்தார். பக்கவாதம் தேவதண்டனை என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். நோய் நல்லவர்களுக்கும் வருகிறது. நான் பார்ப்பது அந்தச் சுவரை. ஊன்றுகோலை அங்கே மாட்டத் தொடங்கிய நாளில், குணமானவருடைய கதை குணமாக்கியவருடைய கதையாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி முகாம். தேவனுடைய மனுஷனாகிய எலிசா, குஷ்டம் நீங்கிச் சுகமான சீரிய படைத்தலைவன் நாகமானிடம் காணிக்கை வாங்க மறுத்தார். பின்னாலேயே ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு நாகமானுடைய குஷ்டம் ஒட்டிக்கொண்டது. 451-இல் பேராயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம், பணத்துக்காக ஒருவரை அபிஷேகம் செய்யும் பேராயர் தம் பதவியை இழக்கக்கடவர் என்று விதித்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதென்றால், அக்காலத்திலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் வாங்குவது வேறு. வேதாகமக் கல்லூரியில் படிப்புக்குக் கட்டணம் கட்டுவதும் வேறு. கட்டணம் கட்டினால் என்னிடமுள்ள அபிஷேகத்தை உனக்குப் பகிர்வேன் என்பது, சீமோன் கேட்டதைச் சீமோனுக்கே விற்கிற வியாபாரம். பேதுரு அந்தப் பணத்தை வாங்க மறுத்தார். இங்கே ரசீது புத்தகமும் க்யூஆர் அட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் நண்பனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவனுடைய ஊழியம் உண்மையானதா என்று ஆராய்வது உங்கள் வேலையல்ல. அதற்கு அவனுடைய சபையும் மூப்பர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி, அவனுடைய கூட்டங்களில் ஜனங்கள் உண்மையாகவே குணமடையும்படி கேளுங்கள். முதல் சில வாரங்கள் வாய் மட்டும் ஜெபிக்கும், பரவாயில்லை.

கடைசியாக, சீமோனைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பேதுரு அவனை மனந்திரும்பி வேண்டிக்கொள்ளச் சொன்னார். அவனோ, நீங்கள் சொன்னவற்றில் ஒன்றும் எனக்கு நேரிடாதபடிக்கு எனக்காக நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள் என்றான். விளைவுக்குத்தான் பயந்தான்; இருதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவன் என்ன ஆனான் என்று லூக்கா எழுதவில்லை. ரோமில் ஆகாயத்தில் பறந்து விழுந்தான் என்றெல்லாம் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். அதை நாம் விட்டுவிடலாம். நீங்கள் உங்கள் போதகரிடமோ, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ போய், எனக்கு வரம் கிடைக்க ஜெபியுங்கள் என்று கேட்பதற்கு முன், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்: மைக்கையும் கூட்டத்தையும் கண்டது, நண்பனைக் கண்டு எரிந்தது, எல்லாவற்றையும். மாதம் ஒருமுறை அவர் உங்களைக் கேள்வி கேட்க அனுமதி கொடுங்கள்.

அந்த ஆள், முகாமுக்குப் போகச் சொன்ன மூப்பராக இருக்கவேண்டாம். அவரிடம் வாக்குவாதம் செய்யவும் வேண்டாம். வரவில்லை ஐயா என்று மட்டும் சொன்னால் போதும். முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்